இலக்கியமும் புராணமும் போற்றும் இலட்சியப் பெண், பெண்ணின் இயல்பைக் காட்டுகிறாளா, ஆணின் எதிர்பார்ப்பையா?

பெரும்பாலும் எதிர்பார்ப்பைத்தான் என்பது என் கருத்து. ஆனால் அந்த எதிர்பார்ப்பை இலக்கண நூல் வகுக்கும் விதம் வேறு, காப்பியம் கையாளும் விதம் வேறு. அச்சமும் நாணும் மடனும் என்றும் பெண்பாலுக்கு உரியவை என்கிறது தொல்காப்பியக் களவியல். பிற்காலத்தார் பயிர்ப்பையும் சேர்த்து நாற்குணமாக்கினர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக் கண்ணகி இந்த அளவுகோலுக்குள் அப்படியே அடங்குகிறாள். பிரிந்த கணவனைப் பெறக் காமவேள் கோட்டம் தொழலாம் என்று தேவந்தி அழைக்கும்போது, 'பீடன்று' (அது பெருமையன்று) என்று மட்டும் சொல்லி அமைந்துவிடுகிறாள். அதே பெண்தான் மதுரை அரசவையில் 'தேரா மன்னா' என்று தொடங்கி, சிலம்பை உடைத்து, அதன் மணி அரசனின் வாயருகே தெறிக்க நிற்கிறாள். சேரன் இமயத்துக் கல் கொணர்ந்து கோயில் எடுத்தது மதுரையை எரித்த இந்தக் கண்ணகிக்குத்தான். கற்பைப் பற்றி மேடைகளில் முழங்குவோர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

காரைக்கால் அம்மையார் கதை இன்னும் கூர்மையானது. மாங்கனி அற்புதத்தைக் கண்ட பரமதத்தன், மனைவியைத் தெய்வமென அஞ்சிப் பிரிகிறான், வேறொருத்தியை மணக்கிறான், பின்னர் அம்மையாரின் காலிலேயே விழுகிறான். வணங்கத்தக்கவளோடு வாழ அவனால் இயலவில்லை. அவரோ, கணவனுக்காகத் தாங்கிய உடலழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெறுகிறார்.

ஆண் மனத்தின் இந்தப் பிளவை ஃப்ராய்டு 1912-இல் ஒரு கட்டுரையில் விவரித்தார்: சில ஆண்களால் நேசிப்பவளை இச்சிக்க முடிவதில்லை, இச்சிப்பவளை நேசிக்க முடிவதில்லை. அவருடைய முடிவுகள் அனைத்தையும் நான் ஏற்பதில்லை. 'மாசறு பொன்னே' என்று கண்ணகியைக் கொஞ்சிய கோவலனுக்கேகூட இது முழுவதும் பொருந்தாது. ஆனால் அவன் கதையைப் படிக்கும் நாம் பத்தினி ஒரு தட்டு, கணிகை மறு தட்டு என்று பிரித்துத்தான் நிறுத்துப் பார்க்கிறோம். பெண்ணை இழிவாக நடத்துவதைப் போலவே, உயரத்தில் வைத்துப் போற்றிக் காப்பதும் பாலினப் பாகுபாட்டின் ஒரு முகமே என்று கிளிக், ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் 1996-இல் வாதிட்டதை இங்கே சேர்த்து எண்ணலாம்.

அந்தத் தராசை மணிமேகலைக் காப்பியமே கலைத்துவிட்டது. தான் பெற்ற மகளை, மதுரைக்கு எரியூட்டிய 'மாபெரும் பத்தினி மகள்' என்று கண்ணகியின் மகளாகவே அறிவிப்பவள் அந்தக் கணிகை மாதவி.