இதனால் யாருக்கு என்ன லாபம்?

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்று 1772-லேயே கணித மேதை ஆய்லர் நிறுவியதைச் சென்ற இதழில் வியந்து எழுதியிருந்தீர்கள். 7-ல் முடிகிற எண், 2, 3, 5-ஆல் வகுபடவில்லை. அத்தோடு முடிந்தது கணக்கு! இதனால் யாருக்கு என்ன லாபம்?

— வாசகர், தஞ்சாவூர்

பதில்: அத்தோடு முடியாது ஐயா. 4294967297 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 7-ல்தான் முடிகிறது, அதுவும் 2, 3, 5-ஆல் வகுபடாது. ஆய்லருக்கு முந்தைய கணித மேதை ஃபெர்மாவே அதைப் பகா எண் என்று நம்பினார். 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732-ல் காட்டியவர் இதே ஆய்லர்தான்.

உங்கள் எண், 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647, 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. நேர்வழியில் சோதிப்பதென்றால் அதன் வர்க்கமூலமான 46,340 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆய்லர் அப்படிச் செய்யவில்லை. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று கண்டார். அப்படிப்பட்டவற்றில் முதல் பகா எண் 311. அங்கிருந்து 46,340 வரை தேறுகிறவை நூற்றுக்கும் குறைவு! எதுவும் வகுக்கவில்லை, எனவே இது பகா எண். அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போயிருந்தது. நான் வியந்தது இதைத்தான்.

சரி, லாபத்துக்கு வருவோம். உங்களுக்கு முன்பே இதைக் கேட்டவர் ஒருவர் உண்டு. இந்த எண்ணிலிருந்து 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கிறது. தன்னைவிடச் சிறிய தன் வகுஎண்களையெல்லாம் கூட்டினால் அதே எண் வரும். இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811-ல் எழுதினார்: இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஏனென்றால் இவை வெறும் விநோதங்கள், பயனில்லாதவை. 1876-லேயே பிரான்சின் லூக்கா, 39 இலக்கம் கொண்ட இதே வகைப் பகா எண்ணை நிறுவினார். அதிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறந்தது. 2024-ல் கண்டறிந்த பகா எண்ணுக்கு நான்கு கோடிக்கும் மேல் இலக்கங்கள்.

பயனும் வந்தது. கம்ப்யூட்டரில் குலுக்கல் போலத் தாறுமாறான எண்கள் வேண்டும்போது, 1969-ல் ஐபிஎம் இயந்திரங்களுக்காக ஒரு வழி சொன்னார்கள். 2147483647-ஐவிடச் சிறிய, பூஜ்யமல்லாத ஏதாவது ஒரு முழு எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுங்கள். அந்த மீதியைத் திரும்பவும் பெருக்குங்கள், வகுங்கள். 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்து முடிந்த பிறகுதான் முதல் எண் திரும்பி வரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்தச் சுற்று இவ்வளவு நீளாது, நடுவிலேயே அறுந்துவிடும்.