பல்லில் பசை தடவியபின் காற்று ஊதுவது ஏன்?

சொத்தைப் பல்லில் அடைப்பு வைக்குமுன், அது பல்லோடு ஒட்டிக்கொள்ள மருத்துவர் ஒரு பசையைத் தடவுவார். அதைத் தடவியதும் காற்று ஊதாமல், அதை இறுகச்செய்யும் நீல ஒளியை நேரே காட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பசையில் பிசினோடு அசிட்டோன், எத்தனால், தண்ணீர் போன்ற கரைப்பான்களும் கலந்திருக்கும். பிசினைப் பல்லின் நுண்துளைகளுக்குள் கொண்டுசேர்ப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. அதற்குமேல் உள்ளே தங்கினால் பிசின் மூலக்கூறுகள் சரியாகக் கோத்துக்கொள்ளாது. படலம் அரைகுறையாகவே இறுகும், நாளடைவில் அடைப்பின் ஓரம் கசியலாம். விளக்கின் திறனைவிட இந்தச் சில நொடிப் பொறுமையே முக்கியம் என்பேன்.

அசிட்டோன் சட்டென்று ஆவியாகிவிடும். தண்ணீர் எளிதில் போகாது, கூடுதல் நேரம் ஊத வேண்டும். மெல்ல ஊதும்போது பசைப்பரப்பு சிற்றலையாக நெளியும். நெளிவு நின்று சீரான பளபளப்பு தெரியும்வரை ஊத வேண்டும். எடுத்த எடுப்பிலேயே பலமாக ஊதினால் படலம் மிக மெலிந்துபோகும், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை இறுகவிடாது. கம்பிரசர் காற்றில் எண்ணெயோ ஈரமோ கலந்திருந்தாலும் பிடிப்பு கெடும்.