மலைக்கோழிக்கு ஈரமே கணக்கு: வாசகர் கேள்வியும் பதிலும்

கோழி வளர்ப்பு குறித்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழனி மலை ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. சமவெளிப் பண்ணைகளுக்காகச் சொல்லப்படும் அளவுகளை அப்படியே மேலே கொண்டுபோனதால் எழுந்த சிக்கல்களே அவற்றில் அதிகம் என்பதால், அவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறோம்.

பூண்டுத் தோட்டத்தோடு நாட்டுக்கோழியும் வளர்க்கிறேன். அறுபது முட்டை கொள்ளும் குஞ்சு பொரிப்பான் ஒன்றை வாங்கி, ஒட்டன்சத்திரத்திலிருந்து முட்டை கொண்டுவந்து அடுக்கினேன். ஏழாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது பெரும்பாலான முட்டைகளில் கரு ஓடியிருந்தது. ஆனால் 21ஆம் நாள் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் ஓட்டை உடைக்க முடியாமல் உள்ளேயே இறந்துவிட்டன. இங்கே எந்நேரமும் பனிமூட்டம் என்பதால் கருவிக்குள் தண்ணீர்த் தட்டு வைக்கவில்லை. கருவியில்தான் குறையா?
– வாசகர், பூம்பாறை

கருவியின் மீது பழி போடுவதற்கு முன் அந்தத் தண்ணீர்த் தட்டைப் பற்றிப் பேச வேண்டும். வெளியே மூட்டம் போட்டிருக்கும்போது காற்றில் ஈரம் நிறைந்திருப்பது உண்மைதான். ஆனால் குளிர்ந்த காற்றால் சிறிதளவு நீராவியைத்தான் தாங்க முடியும். 10 டிகிரி செல்சியசில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்று, கருவிக்குள் நுழைந்து 37.5 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். முதல் 18 நாட்களுக்கு வேண்டியதோ 50 முதல் 55 சதவீதம். சன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் நனைந்து நிற்க, உங்கள் முட்டைகள் உள்ளே காய்ந்துகொண்டிருந்திருக்கின்றன.

இதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் ஊர் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறையும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீராவி விரைந்து வெளியேறும். கருவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். உயரமான இடங்களில் தலைமுறையாக வாழும் கோழிகளின் முட்டை ஓடு, வாயுக்கள் ஊடுருவுவதைக் குறைத்துக்கொள்ளும் விதத்தில் அமைந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். கீழே இட்ட முட்டையை மேலே கொண்டுவந்து பொரிக்க வைக்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஏழாம் நாள் நன்றாக இருந்த கரு இறுதி நாட்களில் இறப்பதற்கு இவ்விரண்டும் சேர்ந்த விளைவே காரணமாக இருக்கக்கூடும்.

ஈரப்பதம் காட்டும் மலிவான மானிகளை நம்புவதைவிட, சமையலறைத் தராசை நம்புவது நல்லது. அடைவைத்த நாள் முதல் 18ஆம் நாள் வரை ஒரு முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை இழக்க வேண்டும். 40 கிராம் எடையுள்ள முப்பது நாட்டுக்கோழி முட்டைகள் 1,200 கிராம் என்றால், 18ஆம் நாள் அவற்றின் எடை 1,055 கிராம் அளவில் இருக்க வேண்டும். அதாவது நாளொன்றுக்கு எட்டு கிராம் குறையலாம். ஏழாம் நாளே நூறு கிராம் குறைந்திருந்தால் உள்ளே வறட்சி என்று பொருள். அப்போது தண்ணீரின் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை, பரப்பைக் கூட்ட வேண்டும். அகலமான தட்டையோ, தட்டில் நனைத்த பஞ்சையோ வைக்கலாம். ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், ஏனெனில் உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் கருவியின் வெப்பத்தைச் சட்டென்று இறக்கிவிடும். ஈரத்தைக் காப்பதாக எண்ணிக் காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஆக்சிஜன் கடைசி வாரத்தில்தான் மிக அதிகமாகத் தேவைப்படும். 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்தி, பொரிக்கும் வரை மூடியைத் திறக்காமல் இருங்கள்.

மலைப்பாதையில் குலுங்கி வந்த முட்டைகளை, அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்திருந்து, பிறகு அடுக்குவது நல்லது. ஆனால் எமது கருத்தைக் கேட்டால், கீழிருந்து முட்டை கொண்டுவருவதையே விட்டுவிடுங்கள். கீழே பொரித்த ஒரு நாள் குஞ்சுகளை ஒருமுறை வாங்கி, அவற்றை உங்கள் ஊரிலேயே வளர்த்து, அவை இடும் முட்டைகளைப் பொரிக்க வையுங்கள். சேமிப்பில் மட்டும் குளிர் உங்களுக்குத் துணை செய்யும்: பொரிக்க வைக்கும் முட்டைக்கு ஏற்ற 15 முதல் 18 டிகிரி வெப்பம் உங்கள் வீட்டு அலமாரியிலேயே ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கிறது. ஆயினும் ஒரு வாரத்துக்கு மேல் தேக்கிவைக்க வேண்டாம்.

நன்றாக அடைகாக்கும் பெட்டை இருக்குமானால், பத்து பன்னிரண்டு முட்டைகளுக்குக் கருவியே தேவையில்லை. தரையின் குளிர் ஏறாதபடி கூடையில் வைக்கோலைக் கனமாகப் பரப்பினால் போதும். இடிக்குப் பயந்து கூடைக்குள் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடும் பெரியவர்களோடு இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. அவற்றால் முட்டைக்குத் தீங்கு ஒன்றுமில்லை.

குளிருக்குப் பயந்து குஞ்சுக் கொட்டகையின் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, உள்ளே விளக்கும் கரியடுப்பும் வைத்திருக்கிறேன். மூன்று வாரம் வரை நன்றாக இருந்த குஞ்சுகள் இப்போது இறகைத் தொங்கவிட்டு நிற்கின்றன. எச்சத்தில் இரத்தம் தெரிகிறது. உள்ளே போனால் கண் எரிகிறது.
– வாசகி, தாண்டிக்குடி

முதலில் அந்தக் கரியடுப்பை இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். மூடிய இடத்தில் கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குஞ்சுகளை மட்டுமல்ல, இரவில் எட்டிப் பார்க்கப் போகும் உங்களையும் சாய்த்துவிடக் கூடியது. மலையில் மூடிய அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகளைக் குளிர்காலந்தோறும் படிக்கிறோம்.

கண் எரிச்சலுக்குக் காரணம், நனைந்த கூளத்திலிருந்து எழும் அமோனியா. இரத்தம் கலந்த எச்சம் பெரும்பாலும் இரத்தக்கழிச்சலின் அறிகுறி. மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளை அது அதிகம் தாக்கும். நோயுற்ற குஞ்சின் எச்சத்தில் வெளிவரும் ஒட்டுண்ணி முட்டைகள் மற்றொரு குஞ்சுக்குத் தொற்றும் நிலையை அடைய ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் வேண்டும். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், உங்கள் விளக்கின் அடியில் நனைந்து கிடக்கும் கூளம் அவற்றுக்கு இந்த மூன்றையும் தந்துவிடுகிறது. தாமதிக்காமல் எச்சத்தோடு கால்நடை மருந்தகத்துக்குச் சென்று உறுதிசெய்துகொண்டு, ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கூளத்தை அள்ளி அகற்றி, தரையைக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு தூவி, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் புதிய உமி பரப்புங்கள். கையில் அள்ளி இறுகப் பிடித்துத் திறந்தால் கூளம் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உங்கள் பகுதியில் உமி கிடைப்பது அரிது என்றாலும், வத்தலக்குண்டிலிருந்து மேலே வரும் வண்டியில் நாலு மூட்டை போட்டுக்கொண்டு வருவது மருந்துச் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

மலையில் குஞ்சு வளர்ப்பவர்களில் பலர் குளிரைப் பகையாக நினைத்து ஈரத்தை உள்ளே விட்டுவிடுகிறார்கள் என்பதே எமது எண்ணம். உலர்ந்த கூளத்தில், காற்று நேராக மேலே படாத இடத்தில், நன்கு இறகு முளைத்த கோழி உங்கள் ஊர்க் குளிரை எளிதாகத் தாங்கிவிடும். நனைந்த தரையில் வெதுவெதுப்பான கொட்டகையும் அதைக் காப்பாற்றாது. எனவே பக்கத் தடுப்பைக் கீழிருந்து குஞ்சின் தலைக்கு மேல் வரை காற்றுப் புகாதபடி கட்டிவிட்டு, கூரையை ஒட்டிய ஒரு முழ இடத்தை இரவும் பகலும் திறந்தே வையுங்கள். ஈரக்காற்றும் அமோனியாவும் அதன் வழியே வெளியேறும். சமவெளியில் வெயிலுக்கு அஞ்சிக் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் போடச் சொல்வார்கள். நீங்களோ காலை வெயில் முழுவதும் உள்ளே விழும்படி கிழக்கு முகமாகத் திறப்பு வைத்துக்கொள்வதே சரி.

வெப்பத்தைப் பொறுத்தவரை, முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பு என்ற கணக்கு எங்கும் பொருந்தும். சமவெளியில் இரண்டு மூன்று வாரத்தில் விளக்கை எடுத்துவிடலாம் என்றால், உங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஐந்தாறு வாரம் கூடத் தேவைப்படும். குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்பது கீழே சொல்லும் அளவு. மேலே அது போதாது. வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லிவிடும்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு குறைவு, ஓரத்தை ஒட்டி வாய் திறந்து நின்றால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரியான அளவு.

வீணாகும் வெண்ணெய்ப்பழத்தையும் உருளைக்கிழங்குத் தோலையும் கோழிக்குப் போடலாமா?
– வாசகர், பண்ணைக்காடு

போட வேண்டாம். வெண்ணெய்ப்பழ மரத்தின் இலை, பட்டை, கொட்டை, பழத்தோல் ஆகியவற்றில் உள்ள பெர்சின் என்னும் நச்சு பறவைகளின் இதயத் தசையைத் தாக்கும். கூண்டுப் பறவைகளை அது விரைவில் கொல்லும். கோழி ஓரளவு தாங்கும் என்பதற்காகச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோலிலும் முளையிலும் உள்ள சோலனைன் வேகவைத்தாலும் போகாது. முட்டைக்கோசின் வெளி இலைகளையும் கேரட் தழையையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கடைசியாக மருந்து அடித்த நாள் உங்களுக்குத் தெரிந்த தோட்டத்திலிருந்து மட்டும் எடுங்கள். மூட்டத்தில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

கறிக்கோழி வளர்த்தேன், ஐந்தாம் வாரத்தில் வயிறு உப்பி, கொண்டை நீலம் பாரித்துச் செத்தன. எந்த இனத்தை வைத்து இனப்பெருக்கம் செய்தால் நிலைக்கும்?
– வாசகர், வில்பட்டி

நீங்கள் கண்டது வயிற்றில் நீர் கோக்கும் நோயாகத் தெரிகிறது. விரைந்து வளரும் கறிக்கோழியின் உடல் கேட்கும் ஆக்சிஜனை உயரமான இடத்துக் காற்று கொடுக்க முடியாததால், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, வயிற்றில் நீர் தேங்குகிறது. உடலைச் சூடாக வைத்திருக்கவும் ஆக்சிஜன் செலவாவதால் குளிர் இதை மேலும் கூட்டும். கொடைக்கானலை ஒட்டிய உயரத்தில் கறிக்கோழி வேண்டாம் என்பதே எமது அறிவுரை.

மெதுவாக வளரும், சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழியான சிறுவிடை உங்களுக்கு ஏற்றது. ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் அது தானே அடைகாக்கும், குஞ்சைத் தானே காக்கும், இரவில் தன் சூட்டைக் கொடுக்கும், அதனால் உங்கள் மின்கட்டணமும் குறையும். அதிக முட்டை இடுவதற்காகத் தேர்ந்து உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா போன்றவை அடைகாப்பதில் நாட்டம் காட்டுவதில்லை. கழுத்தில் இறகில்லாத வகை வெயில் நிலத்துக்கே ஏற்றது என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். சண்டைக் குணமுள்ள பெரிய நாட்டுக்கோழியான பெருவிடையைக் குஞ்சாகவே நல்ல விலைக்குக் கேட்கிறார்கள் என்றாலும், சேவல்களைத் தனித்தனியே அடைத்து வைக்க உங்களிடம் இடம் இருக்கிறதா என்று பார்த்து இறங்குங்கள்.

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆண்டுக்கொருமுறை சேவலைப் பக்கத்து ஊர்க்காரரிடம் மாற்றிக்கொண்டால், தந்தையும் மகளும் இணைந்து குஞ்சுகள் நலிவதைத் தவிர்க்கலாம். சேவலை மாற்றியவுடன் இடும் முட்டைகளைப் புதுச் சேவலின் வாரிசாகக் கணக்கில் எழுதாதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கும் மேலாக உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளையே அடைவையுங்கள்.

காப்பித் தோட்டத்தில் காட்டுக்கோழி முட்டை கிடைத்தால் நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கலாமா? கலப்புக் குஞ்சு வீரியமாக இருக்கும் என்கிறார்கள்.
– வாசகர், பெரும்பாறை

கூடாது. காட்டுக்கோழி, 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதன் முட்டையை எடுப்பதே குற்றம். அந்தக் கலப்பு எப்போதோ தானாக நடந்தும் முடிந்துவிட்டது: நம் வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் இந்தச் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

எங்களிடம் இருபது குஞ்சுகள்தான். தடுப்பூசி மருந்தோ நூறு கோழிக்கான குப்பியாகக் கிடைக்கிறது. போடாமல் விட்டால் என்ன?
– வாசகி, கவுஞ்சி

விட்டால், கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சல் வரும் ஆண்டில் கூடு காலியாகும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்னும் தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் தோலுக்குள் ஊசி என்பது நடைமுறையில் உள்ள முறை. கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியை எடுத்து வைத்து மறுநாள் போடுவதால் பயனில்லை. எனவே உங்கள் தெருவில் கோழி வளர்ப்பவர்கள் நாலைந்து பேர் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடைவையுங்கள். குஞ்சுகளும் ஒரே வாரத்தில் பொரிக்கும். ஒரு குப்பி எல்லோருக்கும் போதும். மருந்தைப் பனிக்கட்டி வைத்த குடுவையில் கொண்டுவந்து, காலைக் குளிரிலேயே போட்டு முடித்துவிடுங்கள். எட்டாம் வாரத்து ஊசியைக் கால்நடைப் பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். டிசம்பர் முதல் வாரத்தில் பொரித்த குஞ்சுகளுக்கு அப்போது வயதும் சரியாக இருக்கும்.