புலியைப் படிக்க ஆசை, களை பிடுங்கக் கூப்பிடுகிறார்கள்: போகலாமா?

கேள்வி: விலங்கியலில் எம்.எஸ்சி. இறுதித் தேர்வு எழுதிவிட்டேன். காட்டுயிர் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. கேமரா ட்ராப், புலிக் கணக்கெடுப்பு என்று பல இடங்களுக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது ஓரிடத்திலிருந்துதான்: முதுமலைப் பக்கம் உண்ணிச்செடி (லண்டானா என்ற அந்நியக் களைப்புதர்) அகற்றும் திட்டம். ஜூன் தொடங்கி மூன்று மாதம், தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குச் சிறு தொகை. "களை பிடுங்கவா இவ்வளவு படிச்சே?" என்கிறார் அப்பா. போகலாமா? போனால் எதைக் கற்றுக்கொள்வது? – வாசகி, திருவண்ணாமலை

பதில்: போங்கள். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: செடியை அகற்றிய பிறகு அந்த இடத்தில் என்ன முளைக்கிறது, என்ன மேய வருகிறது என்று அளக்கிறீர்களா? "ஆமாம், நிலையான பிளாட் (திரும்பத் திரும்ப அளக்கக் குறித்து வைத்த நிலத்துண்டு) போட்டிருக்கிறோம்" என்றால் உடனே கிளம்பலாம். "இன்னும் இல்லை, நீங்கள் வந்து தொடங்கலாம்" என்றால் இன்னும் நல்லது. இத்தனை ஹெக்டேர் அகற்றினோம் என்று கணக்கு மட்டும் சொல்கிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். அங்கே உங்கள் உழைப்பு பயன்படும், உங்கள் படிப்பு வளராது.

அப்பாவின் கேள்வி நியாயமானது, அதற்கும் பதில் இருக்கிறது. முதுமலையில் மேய்ச்சல் விலங்குகள் எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் புல்லும் தண்ணீரும் முடிவு செய்கின்றன. உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் வெயில் தரைக்கு இறங்காது, புல் மெலிந்து போய்விடும். புள்ளிமானும் காட்டெருதும் வேறிடம் தேடும், அவற்றின் பின்னால் செந்நாயும் புலியும் போகும். கோடையில் காய்ந்த புதர் தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். 2021இல் மசினகுடிப் பக்கம், ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை நாள்கணக்கில் தேடினார்களே, அந்தத் தேடலைக் கடினமாக்கியதில் இந்தப் புதர்களுக்கும் பங்கு உண்டு. புலியைப் படிக்க விரும்புகிறவர் உண்ணிச்செடியைத் தெரிந்துகொள்ளாமல் முதுமலையைப் புரிந்துகொள்ள முடியாது.

வேலைவாய்ப்பும் இந்தப் பக்கம் வளர்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களுக்கும் காடு மீட்டெடுப்புக்கும் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. மஞ்சளாகப் பூத்துப் பரவும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரங்களை வெட்டிக் காகிதக்கூழுக்கு எடுக்க டி.என்.பி.எல். என்ற அரசுக் காகித நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. வெட்ட ஆள் கிடைக்கும். வெட்டிய இடத்தில் காடு திரும்புகிறதா, வேறு களை வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்துச் சொல்லும் ஆள்தான் குறைவு. அந்த ஆளாக நீங்கள் ஆகலாம்.

சரி, அங்கே போய்க் கற்க வேண்டியவை. முதலில் கை வேலை. உண்ணிச்செடியை அரிவாளால் தரைக்கு மேல் வெட்டினால் அடியிலிருந்து இரட்டிப்பாகத் துளிர்க்கும். ஜேசிபி விட்டுப் புரட்டினால் மண்ணில் கிடக்கும் விதைகள் மேலே வந்து அடுத்த மழைக்கு முளைக்கும், புதருக்குள் தப்பிப் பிழைத்திருக்கும் நம் மரக்கன்றுகளும் போய்விடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டரில் முதன்மை வேரை வெட்டிவிட்டு, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர்ப்பகுதி மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்துவிடும், மறுபடி துளிர்க்காது. காய் பழுக்கும் முன்பே செய்ய வேண்டும். ஜூன் மழையில் மண் இளகியிருக்கும், வேலை சுலபம். சில நாளாவது கையில் கடப்பாரை பிடித்து நீங்களே செய்யுங்கள். ஒரு நாளில் ஓர் ஆளால் எவ்வளவு முடியும், எந்தச் சரிவில் முடியாது என்பது உடம்புக்குத் தெரிந்தால்தான் பிறகு நீங்கள் எழுதும் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவரும்.

புதரை எடுத்த பிறகு பெரிய மரங்களின் அடியைத் தவறாமல் பாருங்கள். சின்னானும் மைனாவும் உண்ணிப்பழம் தின்றுவிட்டு அங்கே உட்கார்ந்து எச்சமிடும், விதை கொட்டும் இடமே அதுதான். கன்றுகள் கூட்டமாக முளைப்பதும் அங்கேதான்.

சென்னா விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. அதன் பூவும் மஞ்சள், நம் சரக்கொன்றையின் பூவும் மஞ்சள். சரக்கொன்றையின் பூங்கொத்து சரம்சரமாகத் தொங்கும், சென்னாவின் கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். பூ இல்லாத காலத்தில் இலையைப் பாருங்கள். சரக்கொன்றைக்குச் சிற்றிலைகள் பெரியவை, சில ஜோடிகள்தான் இருக்கும். சென்னாவுக்குச் சிறியவை, ஜோடிகள் அதிகம். சில இடங்களில் மரத்தை வெட்டாமல், நெஞ்சுயரத்திலிருந்து தரை வரை பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்றபடியே பட்டுப்போக விடுகிறார்கள். மிச்சமாக ஒரு கீற்றுப் பட்டை இருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். தவறாக ஒரு சரக்கொன்றையை உரித்துவிட்டால் அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அதனால் முதல் வாரத்தை மரம் அடையாளம் காண்பதற்கே ஒதுக்குங்கள். உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பட்டையைக் கீறி முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்வார்கள். அவர்களை அண்ணா, அக்கா என்று அழைத்துக் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், அறிக்கையில் அவர்கள் பெயரையும் போடுங்கள். களப்பணியில் நான் மதிக்கும் ஆசிரியர்கள் அவர்கள்தான்.

அடுத்தது அளப்பது. உங்கள் எதிர்காலம் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்று மாதத்தில் பெரிய கேள்விக்கு விடை கிடைக்காது. சின்னதாக ஒன்றை எடுங்கள்: உண்ணி அகற்றிய இடத்திலும் அகற்றாத இடத்திலும் புல் எவ்வளவு, மான் எவ்வளவு பயன்படுத்துகிறது? இரண்டு இடங்களும் ஒரே மாதிரிக் காடாக, தண்ணீரிலிருந்தும் சாலையிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். புல்லுக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் போதும், புதருக்குப் பத்து மீட்டர் சதுரம்.

மானை எண்ணும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. புதரை எடுத்த இடத்தில் கண் தூரம் வரை தெரியும், அடர்ந்த புதருக்குள் பத்தடியில் நிற்கும் கடமான்கூடத் தெரியாது. நேரில் பார்த்ததை மட்டும் எண்ணி "அகற்றியதும் மான் பெருகிவிட்டது" என்று எழுதினால், நீங்கள் அளந்தது மானை இல்லை, உங்கள் பார்வை போன தூரத்தை. அதனால் புழுக்கை எண்ணுங்கள். அதிலும் மழைக்காலத்தில் பழைய புழுக்கை சீக்கிரம் கரைந்துவிடும், சாணவண்டுகளும் எடுத்துப் போகும், திறந்த இடத்திலும் நிழலிலும் கரையும் வேகம் வேறு. எனவே பிளாட்டை முதலில் சுத்தமாகத் துடைத்துவிட்டு, குறித்த நாள் இடைவெளியில் திரும்பிப் போய்ப் புதிதாக விழுந்ததை மட்டும் எண்ணுங்கள். இடைவெளியைக் குறுகியதாக வையுங்கள், எல்லாப் பிளாட்டுக்கும் அதே இடைவெளி. நேர்காணலில் இந்த ஒன்றை விளக்கிச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

களத்தில் பென்சிலால் எழுதுங்கள், மழையில் பேனா மை ஓடிவிடும். அன்றன்று இரவே கணினியில் ஏற்றுங்கள். ஒவ்வொரு பிளாட்டின் ஒரே மூலையிலிருந்து, ஒரே திசையில் புகைப்படம் எடுங்கள். அடுத்த ஆண்டு வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பாதுகாப்பு. உண்ணிப் புதருக்குள் யானை நின்றால் காற்று சொன்னால்தான் உண்டு. காவலர் இல்லாமல் ஒரு அடியும் போகாதீர்கள், அவர் "வேண்டாம், திரும்பலாம்" என்றால் காரணம் கேட்காமல் திரும்புங்கள். காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு இறங்கி, மாலைக்குள் முகாமுக்கு வந்துவிடுவதுதான் முறை. இரத்தம் உறிஞ்சும் உண்ணிப் பூச்சிகள் உங்கள் மேல் ஏறத்தான் செய்யும். முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேண்ட், திரும்பியதும் குளியல், அக்குளும் முழங்கால் மடிப்பும் சோதனை. நீலகிரி, வயநாடு, பந்திப்பூர் வட்டாரத்தில் இந்த உண்ணிப் பூச்சியால் வரும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் பதிவாகியிருக்கிறது, சிறு பூச்சிகளால் வரும் ஸ்க்ரப் டைபஸும் உண்டு. ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமே "காட்டில் வேலை செய்துவிட்டு வந்தேன்" என்பதாக இருக்கட்டும். திருவண்ணாமலையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு அது தானாகத் தோன்றாது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக முகாமில் வண்டி இருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ கூடாது.

சட்டம் பற்றி இரண்டு விஷயம். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் உங்கள் பெயர் சேருமா என்று கேளுங்கள், மழுப்பினால் போகாதீர்கள். உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பை நினைவுக்கு எடுத்து வருவதும் குற்றம். அப்புறம், கட்டணம் வாங்கிக்கொண்டு "காட்டுப் பயிற்சி" தருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். உங்களை உழைக்கவும் வைத்து உங்களிடமே பணமும் கேட்கும் இடம் வேண்டாம்.

வீட்டில் பேசும்போது பொதுவாகச் சமாதானம் சொல்லாதீர்கள். முகாமில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, பூட்டக்கூடிய அறையும் கழிப்பறையும் உண்டா, எங்கே சிக்னல் கிடைக்கும், யாரிடம் புகார் சொல்லலாம் என்பதை எழுத்தில் வாங்கி அப்பாவிடம் காட்டுங்கள். பொறுப்பாளரின் எண்ணையும் கொடுங்கள். முடிந்தால் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள், இடத்தைப் பார்த்தால் பாதிக் கவலை குறையும்.

பதில் மின்னஞ்சலை இன்றே அனுப்புங்கள். அனுமதி, தங்குமிடம், விபத்துக் காப்பீடு, நீங்கள் சேகரிக்கும் தரவை அறிக்கைக்கோ கட்டுரைக்கோ பயன்படுத்தும் உரிமை, முடிவில் பரிந்துரைக் கடிதம் ஆகிய ஐந்தையும் அதில் கேளுங்கள். தரவு உரிமையைக் கடைசி வாரத்தில் கேட்டால் சங்கடம்தான். ஆனைகட்டியில் உள்ள சாக்கான் (சலீம் அலி பறவையியல் மையம்), டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனம் போன்ற இடங்களில் திட்டப் பணியாளர் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். நீங்களே போட்ட பிளாட்டும் நீங்களே எழுதிய எட்டுப் பக்க அறிக்கையும் விண்ணப்பத்தோடு போகட்டும்.