தனியாக வந்த குரல்: ராக் கேள்வி-பதில்

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தை அன்றைய விமர்சகர்கள் கடுமையாகக் குறைசொன்னதாகப் படித்தேன். இணையத்தில் தேடினால் நல்ல மதிப்பெண்களே கண்ணில் படுகின்றன. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மைதான், எழுதப்பட்ட காலம் வேறு. 'மெக்கார்ட்னி' 1970 ஏப்ரல் 17 அன்று வந்தது. கிடார், பேஸ், பியானோ, டிரம்ஸ் எல்லாம் அவரே வாசித்தார். துணைக்குரல் மனைவி லிண்டா. பெரும்பகுதி வீட்டிலேயே, நான்கு டிராக் (நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும்) ஸ்டூடர் ரெக்கார்டரில் பதிவானது. இடையில் ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங் கன்சோல் கிடையாது; மைக்கை நேராக ரெக்கார்டரில் செருகிப் பாடியிருக்கிறார். அதற்கு ஏழு மாதம் முன்னால்தான் பீட்டில்ஸ் இழைத்து இழைத்துச் செய்த 'அபே ரோடு' ஆல்பம் வந்திருந்தது. அந்த ஒலி காதில் இருக்கும்போதே இதைக் கேட்டவர்களுக்கு, பாதியில் நிற்கும் மெட்டுகளும் வரிகளே இல்லாத துண்டுகளும் அவசர வேலையாகப் பட்டன. 'மேபி ஐம் அமேஸ்ட்' பாட்டைத்தான் பெரும்பாலோர் மனம்விட்டுப் பாராட்டினார்கள்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய பிரதிகளோடு ஒரு கேள்வி-பதில் தாளும் போனது. பீட்டில்ஸோடு இனி வேலை செய்யும் எண்ணமில்லை என்பது அதைப் படித்தாலே விளங்கியது. குழு உடைந்த செய்தி ஆல்பத்தை மூடிவிட்டது. பாட்டை எடைபோட உட்கார்ந்தவர்கள் பிரிவையும் சேர்த்தே எடைபோட்டார்கள். ரசிகர்கள் தயங்கவில்லை. அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம்.

இப்போது நீங்கள் பார்க்கும் மதிப்பெண்கள் வேறு தலைமுறையுடையவை. இசை விமர்சனத் தளங்களில் ஆல்மியூசிக் 1991-இல்தான் தொடங்கியது. பிட்ச்ஃபோர்க் அதற்கும் பின்னால். வீட்டுப் பதிவின் கரடுமுரடை ஒரு பாணியாகவே மதிக்கக் கற்றுக்கொண்ட பிறகு எழுதப்பட்டவை அவை. ஆகவே மதிப்பெண்ணுக்கு முன் விமர்சனத்தின் தேதியைப் பாருங்கள். பழைய ஆல்பத்துக்குப் புது விமர்சனம் என்றால், பெரும்பாலும் அது மறுவெளியீட்டை ஒட்டி எழுதியதாக இருக்கும். 'மெக்கார்ட்னி'க்கு அப்படி ஒரு மறுவெளியீடு 2011-இல் வந்தது. அன்றைய வரவேற்பு தெரியவேண்டுமானால் 1970 இதழ்களைத்தான் புரட்டவேண்டும்.

கேள்வி: பல விமர்சனங்களைத் திரட்டி ஒரே மதிப்பெண் தரும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் ஒரு பாடகரின் தனி ஆல்பம் 65 வாங்கியிருந்தால் சுமார் என்று ஒதுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. அந்தத் தளம் நட்சத்திரம், எழுத்து கிரேடு எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்றிக்கொள்கிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் 60 ஆகும். 'பி' கிரேடு 75 ஆகும். பிறகு சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. நான்கு விமர்சனம் சேர்ந்தாலே எண் வந்துவிடும். எல்லோரும் 65 கொடுத்தாலும் 65தான். பாதிப்பேர் 90, மீதிப்பேர் 40 கொடுத்தாலும் 65தான். குழுவிலிருந்து தனியே வருபவரின் முதல் ஆல்பத்தில் இந்த இரண்டாவது வகைப் பிளவுக்கு எப்போதும் இடமுண்டு. ஒருவர் பழைய குழுவைத் தேடிக் கேட்கிறார், இன்னொருவர் வந்ததை வந்தபடி கேட்கிறார்.

ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் நல்ல உதாரணம். ஷுகர்க்யூப்ஸ் குழுவை விட்டு வந்து 1993-இல் அவர் வெளியிட்ட 'டெபியூ'வுக்கு அமெரிக்க இதழான ரோலிங் ஸ்டோன் கொடுத்தது இரண்டே நட்சத்திரம். தயாரிப்பாளர் நெல்லி ஹூப்பரின் எலக்ட்ரானிக் வேலை அவர் திறமையைக் கெடுத்துவிட்டது என்பது புகார். பிரிட்டனின் இசை இதழான என்.எம்.இ. அதே ஆல்பத்தை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தது. இரண்டும் கேட்டது ஒரே ஒலியைத்தான். எண்ணை விட்டுவிட்டு, மிக உயர்ந்த விமர்சனம் ஒன்றையும் மிகத் தாழ்ந்தது ஒன்றையும் முழுதாகப் படியுங்கள். தாழ்ந்ததில் பழைய குழுவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், குறை ஆல்பத்திலா எதிர்பார்ப்பிலா என்பது பிடிபடும்.

கேள்வி: பியோர்க் 1977-லேயே ஒரு ஆல்பம் பாடியிருக்கிறாரே, 'டெபியூ' எப்படி முதல் ஆல்பம்?

பதில்: அது ஐஸ்லாந்தில் சிறுமியாகப் பாடியது, விமர்சகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் இதே நிலைமை. 1968-இல் படத்துக்கான இசை, 1969-இல் சிந்தசைசர் பரிசோதனை என இரண்டு வந்தபின்தான் 1970-இன் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'. அந்த மூன்று தட்டு ஆல்பத்தையே பலர் அவருடைய உண்மையான தொடக்கம் என்கிறார்கள். எங்கள் கருத்தும் அதுவே.

கேள்வி: குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் தனி ஆல்பம் 'மிஸ்டர் பேட் கை' ஏன் எடுபடவில்லை?

பதில்: பிரிட்டனில் எடுபட்டது, 6-ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் 159. 1985 ஏப்ரலில் வந்த இந்த ஆல்பம் மியூனிக்கில் பதிவானது. சிந்தசைசரும் நடன தாளமும் முன்னால் நிற்கும். குவீனின் கிடாரை எதிர்பார்த்தவர்களுக்கு அது வெறுமையாகப் பட்டது.

குறை பாட்டிலா, பின்னணியிலா? இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 'மேட் இன் ஹெவன்', 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' என்ற இதன் இரண்டு பாட்டுகளையும் குவீனின் மற்ற மூவரும் அவர் குரலை வைத்துக்கொண்டு பின்னணியை மட்டும் புதிதாக வாசித்து, 1995-இல் குவீன் ஆல்பத்தில் சேர்த்தார்கள். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒலி கூடுதலாக இருப்பதே நல்லது என்று காது ஏமாறும். அதனால் இரண்டிலும் குரல் ஒரே அளவு கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துகொள்ளுங்கள். தனி ஆல்பத்துக்கு 1985 பதிப்பையே எடுங்கள். 2019-இல் வந்தது ரீமிக்ஸ், அதாவது பழைய பதிவுகளைப் புதிதாகக் கலந்தது; அன்றைய விமர்சகர்கள் கேட்டது அதை அல்ல.