அதே பக்கத்தில் இன்னொரு பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் தீவிர ரசிகன். யாரிடம் குவீன் என்று சொன்னாலும் உடனே மேசையைத் தட்டி 'வி வில் ராக் யூ' தாளம் போடுகிறார்கள். இல்லையென்றால் 'போஹிமியன் ராப்சோடி'. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. 'தி ப்ராஃபட்ஸ் சாங்' மாதிரி ஒரு பாட்டு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ஆலமரத்தடியில் புல் முளைக்காத கதைதான். கூட்டத்துக்கு எளிமையானதுதான் பிடிக்கும், ஆழமானது மறைந்துதான் போகும் என்று நினைக்கிறேன். ஒரு குழுவின் ஹிட் பாட்டுகளே அதன் நல்ல பாட்டுகளைக் கொன்றுவிடுகின்றன என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் மேசை தட்டுகிறவர்களை விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டு தட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. அரங்கில் நிற்கும் கூட்டமும் சேர்ந்து பாட்டை நடத்தவேண்டும் என்று நினைத்துத்தான் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே அதை எழுதினார். இன்னொன்று, 1977-ல் அது வெளிவந்தபோது 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' சிங்கிளின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சின்ன இசைத்தட்டின், பின்பக்கத்தில் இருந்த பாட்டு. பின்பக்கப் பாட்டு எல்லாமே மறைந்துபோவதில்லை.

எளிமையானது ஜெயிக்கும், ஆழமானது மறையும் என்கிறீர்கள். உங்கள் உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். 'போஹிமியன் ராப்சோடி' எந்த வகையில் எளிமை? கிட்டத்தட்ட ஆறு நிமிடம். திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. நடுவில் மேற்கத்திய இசைநாடகமான ஓபரா பாணியில் ஒரு பகுதி, அப்புறம் கனத்த கிதார், அப்புறம் பழையபடி பியானோ. இவ்வளவு நீளமான பாட்டை எந்த வானொலியும் போடாது என்றுதான் இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்தவர்களே பயந்தார்கள்.

இப்போது 'தி ப்ராஃபட்ஸ் சாங்'குக்கு வருவோம். 'போஹிமியன் ராப்சோடி' வந்த அதே 1975, அதே 'எ நைட் அட் தி ஓபரா' தொகுப்பு. எல்பி தட்டின் அதே பக்கமும்கூட. இரண்டாம் பக்கம் இந்தப் பாட்டில்தான் தொடங்குகிறது. நாலாவதாக வருவது 'போஹிமியன் ராப்சோடி'. இரண்டிலும் நடுவில் வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, குரல்மேல் குரலாக அடுக்கிக் கட்டிய ஒரு பகுதி உண்டு. ஒரே பட்டறையில், ஒரே சமயத்தில் வார்த்தவை. ஒன்று உலகத்துக்கே தெரியும், இன்னொன்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஏன்?

அந்த நடுப்பகுதிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்க் கேளுங்கள். 'ப்ராஃபட்ஸ் சாங்'கில் மூன்றரை நிமிடம் வாக்கில் டிரம்ஸும் கிதாரும் நின்றுவிடும். குழுவின் முதன்மைப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் குரல் மட்டும். அவர் ஒரு வரியைப் பாடுகிறார். அது சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திரும்பி வருகிறது. அதன்மேலேயே அடுத்த வரியைப் பாடுகிறார். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு ஓடுகிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் இப்படியே. முதல் தடவை கேட்கும்போது பாட்டு எப்போது திரும்பி வரும் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான். நாலைந்து தடவை கேட்டபிறகுதான் எந்தக் குரல் முன்னால் போகிறது, எது பின்னால் துரத்துகிறது என்று பிடிபட ஆரம்பிக்கும். 'போஹிமியன் ராப்சோடி'யின் ஓபராவில் அந்தக் காத்திருப்பே இல்லை. சில நொடிகளுக்கொருமுறை புதிதாக ஒன்று வந்துகொண்டே இருக்கும், நடுவே கொஞ்சம் கேலியும் கலந்து. முதல் தடவையிலேயே ஆளைப் பிடித்து உட்காரவைக்கும்.

ஆனாலும், பிடித்து உட்காரவைத்ததால் மட்டும் அது ஜெயிக்கவில்லை. லண்டன் கேப்பிட்டல் ரேடியோவில் அறிவிப்பாளர் கென்னி எவரெட் ஒரு வார இறுதியிலேயே அதைப் பதினான்கு தடவை போட்டதாகச் சொல்வார்கள். முதல் தடவை முகம் சுளித்தவரும் மறுபடி மறுபடி கேட்டாகவேண்டிய நிலை. அப்புறம் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டுக்காக எடுத்த படத்துண்டு. பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம். 1991-ல் மெர்க்குரி இறந்தபிறகு மறுபடி முதலிடம். அடுத்த ஆண்டு ஒரு நகைச்சுவைப் படத்தின் வழியாக அமெரிக்காவில் இன்னொரு சுற்று. 2018-ல் அந்தப் பேரிலேயே ஒரு படம். ஒவ்வொரு தலைமுறையையும் யாரோ ஒருவர் உட்காரவைத்துக் கேட்கச் செய்திருக்கிறார். 'ப்ராஃபட்ஸ் சாங்'கை இரண்டாம் தடவை கேட்கச் சொல்ல ஆளே இல்லை. இரண்டாம் தடவைதான் பிடிக்கும் என்கிற பாட்டுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு வேண்டாம்.

ஆகவே கொலைப்பழியை ஹிட் பாட்டின்மேல் போட எனக்கு மனமில்லை. போடத்தான் வேண்டும் என்றால் 1981-ல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பின்மேல் போடலாம். பிரிட்டனில் இதுவரை மிக அதிகம் விற்ற ஆல்பம் அது. 70 லட்சத்துக்கும் மேல். பிரிட்டிஷ் பதிப்பில் 17 பாட்டுகள். அதை வாங்கியவர்களில் ஏராளமானவர்களுக்கு குவீன் என்றால் அந்த 17 பாட்டுகள்தான். அதை முடித்துவிட்டு ஒவ்வொரு ஆல்பமாகத் தேடிப் போனவர்கள் கொஞ்சம் பேர். தப்பு சொல்லவும் முடியாது. விருந்து முடிந்தபிறகு சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் எவ்வளவு பேர்?

உங்கள் 'எளிமை' வாதத்துக்கு இன்னொரு இடைஞ்சல் 'தர்ட்டி-நைன்'. அதே தொகுப்பு. மூன்றரை நிமிடம், கையில் ஒரு கிதார் இருந்தால் யாரும் பாடிவிடலாம். இதைவிட எளிமையாக ஒரு பாட்டு இருக்கமுடியாது. ஆனாலும் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' தட்டின் பின்பக்கத்தோடு அதன் கதை முடிந்தது. கப்பலேறிப் போகிறவர்களின் பழைய நாட்டுப்பாட்டு மாதிரி ஆரம்பிக்கும். புது நிலம் தேடிப் போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். போனவர்களுக்கு ஒரு வருடம்தான். ஊரில் நூறு வருடம் ஓடிவிட்டது. மகளின் கண்களில் மனைவியைப் பார்க்கிறான் ஒருவன். மிக வேகமாகப் பயணம் செய்கிறவருக்குக் காலம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் சொன்ன காலவிரிவைத்தான் இப்படி மெட்டுப் போட்டுப் பாடியிருக்கிறார்கள் என்று பலர் கவனிப்பதே இல்லை. எழுதியதும், இசைத்தட்டில் பாடியதும் பிரையன் மே. குழுவுக்காக வானியற்பியல் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவர். 2007-ல்தான் முனைவர் பட்டத்தை முடித்தார். எனக்குக் குவீனில் மிகவும் பிடித்த பாட்டு இதுதான். உங்கள் கடிதத்தில் இதன் பெயர் இல்லாதது எனக்குக் கொஞ்சம் குறைதான்.

பின்பக்கத்துக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'போஹிமியன் ராப்சோடி' சிங்கிளின் பின்பக்கத்தில் இருந்தது டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய 'ஐ ஆம் இன் லவ் வித் மை கார்'. தட்டு விற்கும்போதெல்லாம் முன்பக்கத்தை எழுதியவருக்கு எவ்வளவு உரிமத்தொகையோ, பின்பக்கத்தை எழுதியவருக்கும் அவ்வளவு. அந்தப் பாட்டை யாரும் கேட்கவேண்டும் என்றுகூட இல்லை. குழுவுக்குள் இதனால் மனத்தாங்கல் வந்ததும் உண்மை. ஹிட் பாட்டு எல்லாரையும் கொல்வதில்லை, சிலருக்குச் சோறும் போடுகிறது.

இப்போது இணையத்தில் எல்லாப் பாட்டும் சமமாகக் கிடைக்கிறதே, இனி மறைந்த பாட்டுகள் மேலே வராதா என்று கேட்பீர்கள். வருகின்றன. பேவ்மென்ட் என்ற அமெரிக்கக் குழு 1997 ஆல்பத்துக்காகப் பதிவுசெய்து, சேர்க்காமல் விட்டு, 1999-ல் உபரிப் பாட்டாக வெளியிட்ட 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' இன்று ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய ஹிட் பாட்டுகளையெல்லாம் தாண்டிவிட்டது. ஒரு பாட்டு முடிந்ததும் தானாக அடுத்ததைப் போடும் வசதிதான் காரணம் என்கிறார்கள். எனக்கு சந்தோஷம்தான், ஆனால் நம்பிக்கை குறைவு. இயந்திரம் தேடி எடுப்பது, பக்கத்தில் இருக்கும் பாட்டோடு உறுத்தாமல் ஒட்டிக்கொள்ளும் பாட்டை. எட்டு நிமிடத்தில் இரண்டு நிமிடம் வாத்தியமே இல்லாத பாட்டை அது எங்கே கொண்டுபோய் ஒட்டும்?

அப்புறம், மறைந்த பாட்டெல்லாம் மாணிக்கம் என்ற எண்ணமும் வேண்டாம். குவீனின் 'ஹாட் ஸ்பேஸ்' ஆல்பத்தின் முதல் பக்கத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள். உலகம் சரியாகத்தான் மறந்திருக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

நண்பர்களுக்கு 'ப்ராஃபட்ஸ் சாங்'கை அறிமுகப்படுத்த விரும்பினால் பெயரையோ பெருமையையோ முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஹெட்ஃபோனைக் கொடுத்து, தொகுப்பின் இரண்டாம் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து ஓடவிடுங்கள். அந்தப் பாட்டு முடியுமிடத்தில் இடைவெளியே இல்லாமல் 'லவ் ஆஃப் மை லைஃப்' தொடங்கிவிடும். அது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த பாட்டு வரப்போகிறது, அதுவரை எட்டு நிமிடம் பொறுங்கள் என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்புடன்.