மருத்துவரும் மருந்தாளுநரும்: செட்டிநாட்டு வாசகர் கேள்விகள்

கேள்வி: டோஸ் ஒத்து வராது என்று எனக்குத் தெரிகிறது. ரவுண்ட்ஸில் சொன்னால் சீனியர் டாக்டர் கோபப்படுகிறார். எப்படித்தான் சொல்வது?
(மருந்தாளுநர், காரைக்குடி)

பதில்: நோயாளியும் உறவினரும் நிற்கும்போது சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? தனியாகப் போனில் சொல்லுங்கள். எந்த பெட், என்ன எழுதியிருக்கிறது, ரிப்போர்ட் என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்யலாம் என்கிறீர்கள்: இந்த வரிசையில் அரை நிமிடத்தில் முடிய வேண்டும். "சார், எட்டாம் பெட் ஐயா, வயசு 72. மெட்ஃபார்மின் ஒரு கிராம் ரெண்டு வேளை போட்டிருக்கு. இன்னைக்கு இ.ஜி.எஃப்.ஆர். 26 வந்திருக்கு. 30க்குக் கீழ கூடாதே, நிறுத்திட்டு வேற போட்டுக்கலாமா சார்?" (மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை; இ.ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு.) இப்படிக் கேட்டால் பெரும்பாலும் பதில் "சரி" என்றுதான் வரும். "இது கரெக்டா சார்?" என்று மொட்டையாகக் கேட்டால் "எழுதினதைக் குடுங்க" என்பார். பேசி முடித்ததும் நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுக்கவும் முடியாது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள்தான். அதைத் 'தினமும்' என்று எழுதிய சீட்டு வந்தால் மருந்து கவுன்டரைத் தாண்டக் கூடாது; தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை அடங்கி, உயிரே போகலாம். எழுதிய டாக்டர் பிடிவாதமாக இருந்தால் யூனிட் சீஃபிடம் போங்கள், ஆனால் போகப்போவதை அவரிடமே முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மேலே போனால் அடுத்த தடவை உங்கள் போனை எடுக்க மாட்டார். திருத்திய சீட்டில் கிழமையையும் எழுதச் சொல்லுங்கள்: 'புதன்கிழமை மட்டும்'.

கேள்வி: மதுரையில் டிஸ்சார்ஜ் ஆகி வருபவர்களின் சீட்டில் உள்ள பிராண்ட் எங்களிடம் இருப்பதில்லை. அதே மருந்தை வேறு பிராண்டில் கொடுக்கலாமா?
(மருத்துவமனை பார்மசி, புதுவயல்)

பதில்: கேட்காமல் கொடுக்க முடியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச், எக்ஸ் மருந்துகளுக்குச் சீட்டில் உள்ளதற்குப் பதிலாக வேறொன்றைத் தரக் கூடாது, உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கூடாது என்கிறது 1945ஆம் வருட மருந்து விதிகளின் 65(11ஏ). உங்கள் டியூட்டி டாக்டர் பார்த்து, மருந்தின் பொதுப்பெயரில் (பிராண்ட் இல்லாத ஜெனரிக் பெயரில்) புதுச் சீட்டு எழுதினால் சிக்கல் இல்லை. பொதுப்பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லி மருத்துவக் கவுன்சில் 2016லேயே விதியைத் திருத்திவிட்டது. ஃபெனிடாயின் (வலிப்புக்கு), தைராக்ஸின் (தைராய்டுக்கு) மாதிரி மருந்துகளில் மட்டும் பிராண்ட் மாறுவதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

உங்கள் டாக்டர்களுக்கு இன்னொன்றும் செய்யலாம். ஓ.பி. தொடங்குமுன் 'இன்று இல்லாதவை' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒவ்வொரு அறைக்கும் போகட்டும், பக்கத்திலேயே இருக்கிற மாற்றும் எழுதியிருக்கட்டும். பாதிப் போன் குறையும்.

கேள்வி: இன்சுலின் '10யு' என்று எழுதுகிறார்கள். சிரிஞ்சும் மாறி மாறி வருகிறது.
(செவிலியர், தேவகோட்டை)

பதில்: இரண்டும் ஆபத்து. அந்த 'யு' (ஆங்கில U) சுழியமாகத் தெரிந்தால் 10 என்பது 100 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுதாக எழுதாத ஆர்டரை பார்மசி திருப்பி அனுப்பலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சிரிஞ்சைப் பொறுத்தவரை, சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு), ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு. 40 வயலில் ஆரஞ்சு சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். மாறாக 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். வயலும் சிரிஞ்சும் ஒரே கவரில் வர வேண்டும் என்று பார்மசியிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்.

கேள்வி: மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த மாத்திரைப் பையோடு ஆச்சிமார் அட்மிட் ஆகிறார்கள். இதைப் பார்ப்பது யார் வேலை?
(டியூட்டி டாக்டர், பள்ளத்தூர்)

பதில்: பட்டியல் போடுவது மருந்தாளுநர் வேலை, எது தொடரும் எது நிற்கும் என்பது உங்கள் வேலை. அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வாயால் சொல்வதை எழுதிக்கொண்டால் போதாது. பையை மேசையில் கொட்டி ஒவ்வொரு அட்டையிலும் உள்ள பொதுப்பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். பனடோல் நம் பாராசிட்டமால்தான். மகள் கொண்டுவந்த பனடோல் 500 இரண்டிரண்டாக மூன்று வேளை, நீங்கள் எழுதிய டோலோ 650 (அதுவும் பாராசிட்டமால்தான்) மூன்று வேளை என்றால் நாளுக்கு 4,950 மி.கி.; உச்சவரம்பே 4,000தான். அட்டையில்லாத உதிரி மாத்திரையை நிறம் பார்த்து ஊகிக்க வேண்டாம். நாட்டு மருந்தையும் கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

கேள்வி: போனில் சொல்லும் ஆர்டருக்கு மருந்து கொடுக்கலாமா?
(மருந்தாளுநர், திருப்பத்தூர்)

பதில்: அவசரத்துக்கு மட்டும். எழுதிக்கொண்டு திருப்பிப் படியுங்கள். 'ஃபிஃப்டீன்' என்றால் 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டு உறுதி செய்யுங்கள். டாக்டர் வந்ததும் கையெழுத்து. கெட்டமின் (மயக்க மருந்து) போன்ற ஷெட்யூல் எக்ஸ் மருந்துக்கு இது செல்லாது. அதற்கு இரட்டைப் பிரதிச் சீட்டு வேண்டும், ஒன்றை 2 வருடம் வைத்திருக்க வேண்டும். ஷெட்யூல் எச்1 (கண்டிப்பு கூடிய சீட்டு மருந்துகளின் பட்டியல்) என்றால் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறும், அது 3 வருடம் இருக்க வேண்டும். கணக்கு எழுத இந்த ஊர்க்காரர்களுக்கா சொல்லித்தர வேண்டும்!